பெயர் சொல்லாமல் ஆளைக் காட்டுவது

அவையோர்க்கு வணக்கம்.

காதலைப் பாடும் அகப்பாட்டில் ஒருவருடைய பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி: ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.’ போர், கொடை போன்றவற்றைப் பாடும் புறப்பாட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் புறநானூற்றின் 235-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். குறுநில மன்னன் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது. பாட்டுக்குள் அதியமான் என்ற பெயரே இல்லை. அது பாட்டின் கீழே உள்ள பழைய அடிக்குறிப்பிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. நிறம், உயரம், முகம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனாலும் அந்த ஆள் நம் முன்னால் நிற்கிறான். எப்படி?

முதலில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஈயும், உண்ணும், நிற்கும், தைவரும் (அதாவது தடவும்). நான்கும் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்றுகள். ஒருவர் வழக்கமாகச் செய்வதைக் காட்டுபவை. மறைந்த தாத்தாவைப் பற்றி இன்றும் நம் வீடுகளில் ‘சாயங்காலமானா திண்ணையில வந்து உட்காருவாரு’ என்றுதானே சொல்கிறோம்? அதே வழக்கம். இப்படி உயிரோடு இருக்கிற வினைக்குப் பக்கத்தில் ‘மன்னே’ என்ற இடைச்சொல்லை ஔவையார் வைக்கிறார். மன் என்பதற்குத் தொல்காப்பியம் தரும் மூன்று பொருள்களில் முதலாவது கழிவு. வினை ‘கொடுப்பான்’ என்கிறது. மன் ‘அது போயிற்று’ என்கிறது. ஒரே அடியில் ஆள் வருகிறான், மறைகிறான். இது ஏழு முறை நடக்கிறது.

சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். அடுத்து, ஒரே அச்சில் வார்த்த இரண்டு அடிகள்:

என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே
அம்பொடு வேல்நுழை வழியெல்லாம் தான்நிற்கும் மன்னே

எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் அவனுக்கு. ‘என்பொடு – அம்பொடு’ என்று ஓசை ஒத்துப் போகிறது, ‘வழியெல்லாம்’ அப்படியே திரும்ப வருகிறது. ஆள் மாறுவது கடைசிப் பகுதியில்: எமக்கீயும், தான்நிற்கும். அவன் குணம் முழுவதும் அந்த மாற்றத்துக்குள் இருக்கிறது. ‘வள்ளல்’, ‘வீரன்’ என்ற பட்டங்கள் இங்கே தேவைப்படவே இல்லை.

அவன் உடலில் நமக்கு அருகில் காட்டப்படும் உறுப்பு கை. நரந்தம் என்னும் நறுமணப் பொருள் மணக்கும் அந்தக் கை, புலால் நாறும் புலவரின் தலையைத் தடவிக் கொடுக்கிறது. தன் தலை நாறுகிறது என்று ஔவையார் சொல்வதால்தான் அந்தக் கையின் அன்பு நமக்கு உறைக்கிறது. பாடுபவர் தம்மை ஒளித்துக்கொண்டிருந்தால் இது கிடைத்திருக்காது.

ஏழாவது மன்னேயோடு அந்த ஓசை நின்றுபோகிறது. பிறகு ஒரு நீண்ட வாக்கியம். பாணர் உண்கலத்தைத் துளைத்து, இரப்போர் கையிலும் ஊடுருவி, சுற்றத்தாரின் கண்பாவை ஒளி மழுங்க, புலவர் நாவில் போய் விழுந்தது... எது? எழுவாய் கடைசியில்தான் வருகிறது: ‘அவன் அருநிறத்து இயங்கிய வேல்.’ வேல் பாய்ந்தது அவன் மார்பில் என்பதை எல்லாருடைய காயத்தையும் பார்த்த பிறகே கேட்கிறோம். ‘வேல்’ என்று தொடங்கியிருந்தால் அது வெறும் போர்ச் செய்தியாகியிருக்கும்.

இன்று எழுதப்படும் இரங்கற்பாக்கள் பெரும்பாலும் தவறுவது அடைமொழியில். ‘ஏழைகளின் தோழர், எளிமையின் சிகரம்’ என்று எழுதிவிட்டுப் பெயரை எடுத்துப் பாருங்கள். அது எவருக்கும் பொருந்தும். சோற்றை எப்படிப் பரிமாறினார், எந்த இடத்தில் போய் நின்றார் என்று எழுதினால் அந்த ஒருவருக்குத்தான் பொருந்தும். திரும்ப வரும் சொல்லுக்கும் இதே எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு முறையும் புதிய செயல் ஒன்றைச் சுமந்து வராவிட்டால், மூன்றாம் முறையே அது சலிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புறநானூற்றின் 112-ஆம் பாட்டு, தந்தையையும் அவன் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. அங்கும் பாரியின் பெயர் இல்லை, ‘எந்தை’ மட்டும்தான். இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடிக்கு, அதாவது கடைசிக்கு முந்திய அடிக்கு, நான்குக்குப் பதில் மூன்று சீர். அந்தக் குறைந்த அடி இப்படி முடிகிறது: ‘வென்றெறி முரசின் வேந்தர்எம்’. எம் என்று சொல்லி அடி நின்றுவிடுகிறது. குன்று அடுத்த அடியில், ‘குன்றும் கொண்டார்’ என்று வருகிறது. அந்த இடைவெளியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.