பிடித்தவருக்குப் போடுவதா, ஜெயிக்கிறவருக்குப் போடுவதா?

சரி, அடுத்த கேள்வி. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணா, எங்கள் தொகுதியில் எனக்குப் பிடித்த வேட்பாளர் சின்னக் கட்சிக்காரர், எப்படியும் தோற்றுவிடுவார். பெரிய கட்சிகள் இரண்டில் ஒன்று வரவே கூடாது என்று நினைக்கிறேன். அதைத் தடுக்க இன்னொன்றுக்குப் போட வேண்டும், ஆனால் மனசு வரவில்லை. ஓட்டை வீணாக்காதே என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?"

நடக்கிற தேர்தலைத் தொட்டால் கமெண்டில் வேட்டி கிழியும், அதனால் பழைய தேர்தல்களையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அப்பா பக்கம். அவர் சொல்வதை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது தம்பி. நம் முறையில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை, மற்றவரைவிட ஒரு ஓட்டு கூட இருந்தால் போதும், எம்எல்ஏ. 2016ல் ராதாபுரத்தில் திமுகவின் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். நோட்டாவுக்கு விழுந்ததே அதைவிடப் பல மடங்கு. 2021ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. மாநிலம் முழுக்கப் பார்த்தாலும், 2016ல் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் நடுவில் சுமார் 1 சதவீதம்தான் இடைவெளி, ஆனால் மக்கள் நலக் கூட்டணி, பாமக என்று வெளியே போன ஓட்டு பத்து சதவீதத்துக்கும் மேல். அவர்கள் எல்லோரும் வேறு மாதிரி போட்டிருந்தால் ஆட்சியே மாறியிருக்கும் என்று அன்று முதல் இன்று வரை டீக்கடையில் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். புலம்பலில் ஒரு பொத்தல் இருக்கிறது, அந்த ஓட்டெல்லாம் திமுக கூட்டணிக்குத்தான் வந்திருக்கும் என்று யார் சொன்னது? பாதி அந்தப் பக்கம் போயிருக்கலாம், மீதி வீட்டிலேயே படுத்திருக்கலாம்.

இப்போது ஒரு தொகுதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இதில்தான் உங்கள் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. 2021, கோவை தெற்கு. பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209. மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481. திமுக கூட்டணியில் நின்ற காங்கிரசின் மயூரா ஜெயக்குமார் 42,383. வித்தியாசம் 1,728. உங்களை மாதிரியே ஒருவர் அந்தத் தொகுதியில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கமலைப் பிடிக்கும், பாஜக வரக்கூடாது. மாநிலம் முழுக்கக் காற்று திமுக கூட்டணிப் பக்கம் அடிக்கிறது, கமல் எங்கே ஜெயிக்கப் போகிறார், ஓட்டை வீணாக்க வேண்டாம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு கைச் சின்னத்தில் அழுத்திவிட்டு வருகிறார். எண்ணி முடித்தால் கை மூன்றாவது இடம். எதைத் தடுக்க விட்டுக்கொடுத்தாரோ அதுவும் நடக்கவில்லை, பிடித்தவருக்கும் போடவில்லை.

ஆக, 'ஜெயிக்கக் கூடியவர்' யார் என்பதை டிவி விவாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. மாநிலத்தில் பெரிய கட்சி உங்கள் தொகுதியில் மூன்றாவதாக இருக்கலாம். கூட்டணியில் அதற்குத் தொகுதியைக் கொடுத்துவிட்டு நம்மிடம் 'ஓட்டைப் பிரிக்காதே' என்று வந்து நிற்பார்கள். கோவை தெற்கில் யார் யாருடைய ஓட்டைப் பிரித்தார்கள்? கமல் கட்சிக்காரரைக் கேட்டால் ஒரு பதில், காங்கிரஸ்காரரைக் கேட்டால் அதற்கு நேர் எதிர்ப் பதில்.

அப்புறம், தோற்கிறவருக்குப் போட்ட ஓட்டு எங்கே போகிறது? டெபாசிட் போனால் ஓட்டே செல்லாது என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் இல்லை. செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் வேட்பாளர் கட்டிய 10,000 ரூபாய் போகும், அவ்வளவுதான், ஓட்டு கணக்கில் அப்படியே நிற்கும். 2006ல் தேமுதிக கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் நின்று ஒரே ஒரு இடத்தில், விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும் ஜெயித்தார். ஆனால் வாங்கியது 8 சதவீதத்துக்கும் மேல். அந்த 8 சதவீதத்தைப் பார்த்துதான் 2011ல் அதிமுக கூட்டணியில் 41 இடம் கொடுத்தார்கள், 29ல் ஜெயித்து அவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 2006ல் 'வீணாகப்' போட்டவர்களின் ஓட்டுதான் ஐந்து வருஷம் கழித்துப் பேரம் பேசியது. அதே கட்சி 2016ல் ஒரு இடம்கூட இல்லாமல் உட்கார்ந்ததும் நடந்தது, அந்த முதலீட்டுக்கு உத்தரவாதம் ஒன்றும் கிடையாது.

நாம் தமிழர் கட்சியை உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, 2024 மக்களவைத் தேர்தலில் கரும்பு விவசாயி சின்னம் போய் மைக் சின்னத்தில் நின்றார்கள், ஒரு இடமும் வரவில்லை, ஆனால் 8 சதவீதம் தாண்டியதால் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. ஜெயிக்காத ஓட்டுக்கும் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் என்றால் இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. பிடித்தவருக்கு 1 போட்டுவிட்டு, அவர் தோற்றால் யார் என்று 2, 3 என எழுதலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சீட்டில் இருக்கும் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2024ல்தான் முதல்முறையாக அந்த இரண்டாவது எண்ணிக்கை தேவைப்பட்டது. நமக்கு அது கிடையாது, ஒரே பட்டன்.

அதனால் நான் செய்வது இது. இரண்டு பேருக்கு நடுவில் இழுபறி, அதில் ஒருவர் வந்தால் நிஜமாகவே ஆபத்து என்று எனக்குத் தோன்றினால், மூக்கைப் பிடித்துக்கொண்டு மற்றவருக்குப் போட்டுவிடுவேன், ஒருமுறை போட்டும் இருக்கிறேன். வெளியே வந்து மை விரலைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. இருபதாயிரம், முப்பதாயிரம் வித்தியாசத்தில் முடிவாகிற தொகுதி என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், பிடித்தவருக்குப் போடுவேன். அங்கே பெரிய கட்சிக்குப் போடுவதுதான் என்னைக் கேட்டால் வீண், அவர்களுக்கு அது குவியலில் இன்னொன்று, சின்னக் கட்சிக்காரருக்கோ ஒரு வாக்குச்சாவடியில் அவருடைய 41 ஓட்டு 42 ஓட்டாக ஆவது கண்ணுக்குத் தெரியும்.

தம்பி, நீங்கள் தொகுதி பெயரைச் சொல்லவில்லை. படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது, எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று போன தேர்தலின் கணக்கு முழுக்க அதில் இருக்கும், தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். கட்சிக்காரர்கள் அதை ஸ்கெட்ச் பேனாவோடு உட்கார்ந்து படிப்பார்கள், நாம் படிப்பதில்லை. உங்கள் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி வரிசையைத் தேடிப் பாருங்கள், அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பேர் யார், இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் பேசலாம். அடுத்த கேள்வி, வேலூரிலிருந்து ஒரு அக்கா...