118 டிகிரியை நம்பாதீர்கள்! கொடைக்கானலில் பால் இல்லாத கடலை சாக்லேட் பார்

வணக்கம் மக்களே. என் நீலக் கடாய் எங்கே என்று கேட்கப் போகிறீர்கள். அது மூன்று நாளாகத் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கோபம் இருக்கிறது, அதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

போன சனிக்கிழமை ஏழு ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். "பால் சேர்க்காத சாக்லேட் இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "டார்க் எல்லாமே பால் இல்லாததுதாம்மா" என்றார். கால் கிலோ 240 ரூபாய். பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அவர்கள் உருக்குகிற பெரிய கட்டியின் உறை பக்கத்திலேயே கிடக்கிறது. எடுத்துப் படித்தேன். சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கோகோ தூள், பால் திடப்பொருள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். முதலில் சர்க்கரை, இரண்டாவது டால்டா வகை. கோகோ வெண்ணெய், அதாவது கோகோ விதையின் கொழுப்பு, அதன் பேச்சே இல்லை. கடைசியில் பாலும் இருக்கிறது!

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கருப்பாக இருந்தால் பால் இல்லை என்று அவரும் நம்புகிறார். எல்லாக் கடையும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. ஆனால் பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு யாராவது இதை நம்பி வாங்கிக்கொடுத்தால்? பச்சைப் புள்ளியைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். பால், நெய் எல்லாம் இருந்தாலும் பச்சைப் புள்ளிதான். விலங்குப் பொருள் எதுவுமே இல்லாத உணவுக்கு 2022 விதிமுறையில் தனிக் குறி வந்துவிட்டது. பச்சையில் ஆங்கில 'வி' (V) எழுத்து, மேலே ஒரு குட்டி இலை. அதைத் தேடுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்துவிட்டேன், ஸ்னிக்கர்ஸ் மாதிரி ஒரு பார் நாமே செய்வது என்று. கடலை, காரமல், மேலே சாக்லேட். 1930-லிருந்து இருக்கிற மிட்டாய். அந்த மூன்றும் சேர்கிற இடம் எனக்கு உயிர்.

காரமலுக்குப் பேரீச்சம்பழத்தை அரைத்துப் போடச் சொல்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. பேரீச்சை நல்ல பழம், அடித்தட்டுக்கு நானே போடுகிறேன். ஆனால் அதைக் காரமல் என்று சொல்ல முடியாது. கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுத்துக்கொண்டு விழ வேண்டும், வாயில் லேசாகக் கருகின வாசனை வர வேண்டும். அதற்குப் பாகு காய்ச்சத்தான் வேண்டும். தேன் ஊற்றக் கூடாதா என்று ஒவ்வொரு வீடியோவிலும் கேட்கிறீர்கள். நம் மலைத்தேன் எனக்கும் பிடித்ததுதான், ஆனால் தேனீயிடமிருந்து எடுப்பது என்பதால், விலங்குப் பொருளே தொடாத வீகன்காரர்கள் சாப்பிட மாட்டார்கள்.

ஒரு தேங்காயின் முதல் பால் 200 மில்லி, நாட்டுச் சர்க்கரை 150 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு. வெளிநாட்டுக் குறிப்பு ஒன்றில் 118 டிகிரி வரை காய்ச்சச் சொல்லியிருந்தது. போன மாதம் வாங்கிக் காட்டினேனே, அந்த 450 ரூபாய் தெர்மாமீட்டரைப் போட்டுக்கொண்டு கடாயை விட்டு நகராமல் நின்றேன். 110 வரும்போதே கரண்டி கனத்தது. 114-இல் ஓரமெல்லாம் கருப்பு. குறிப்பில் 118 என்றுதானே இருக்கிறது என்று விடாமல் காய்ச்சினேன். இறக்கி ஐந்து நிமிஷத்தில் கல். தட்டில் ஊற்றியதில் கத்தி இறங்கவில்லை, கடாயில் ஒட்டியது கடாயோடு நிற்கிறது. மறுநாள் திரும்பவும் செய்தேன், திரும்பவும் கல். இரண்டு தேங்காய், 300 கிராம் நாட்டுச் சர்க்கரை போச்சு. அழுகை வந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

தெர்மாமீட்டர்தான் கெட்டுப்போயிருக்கும் என்று கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 93. அதற்கு மேல் ஏறவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2100 மீட்டர் உயரத்தில். 300 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு டிகிரி குறைவாகவே தண்ணீர் கொதித்துவிடும். இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பாகுக்கும் அதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். பாகில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் பதம். கீழே 118-இல் பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்குமோ, இங்கே 111-லேயே அந்த அளவுக்கு வந்துவிடும். நான் 118 வரை போனது, மதுரையில் 125 வரை காய்ச்சினதற்குச் சமம். கல்லாகாமல் என்ன செய்யும்?

இதை அத்தையிடம் சொன்னேன். தீபாவளி வீடியோவில் அதிரசம் சுட்டார்களே, அதே அத்தைதான். "அந்தக் குச்சிய அந்தப் பக்கம் வை. கிண்ணத்துல பச்சத்தண்ணி கொண்டா" என்றார். மூன்றாவது தடவை அவர்தான் பக்கத்தில் நின்றார். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். கரைந்து ஓடியது. இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு சொட்டு. அது அடியில் போய் உட்கார்ந்தது, விரலால் கூட்டினால் குழைந்தது. அடுத்த சொட்டு உருண்டையாகத் திரண்டு, வெளியே எடுத்தும் உருண்டையாகவே நின்றது, அழுத்தினால் மெதுவாக அமுங்கியது. "போதும், எறக்கு." குச்சியை விட்டுப் பார்த்தேன். 111! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. உருட்டுப் பதத்துக்கு மலையும் தெரியாது, கடலும் தெரியாது. அது பாகைத்தான் பார்க்கிறது. மக்களே, எந்த ஊரில் இருந்தாலும் அந்தக் கிண்ணத் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரும் இருந்தால், முதலில் கொதிநீரில் விட்டுப் பாருங்கள். 100-க்கு எவ்வளவு குறைகிறதோ அதைக் குறிப்பில் இருக்கிற எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள்.

அடித்தட்டைச் சொல்ல மறந்தே போனேன். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 150 கிராம், விதை எடுத்த பேரீச்சை 8, கொஞ்சம் உப்பு. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, தட்டில் அழுத்திப் பரப்புங்கள். மேலே முழுக்கடலை ஒரு கை. அதன் மேல் காரமல். ஆறியதும் 15 துண்டு.

இனி சாக்லேட். இரண்டு மாதத்துக்கு முன்னால் தேங்காய் எண்ணெயும் கோகோ தூளும் வைத்துச் செய்தேனே, அந்த வீடியோவில் ஒரு தப்பு நடந்துவிட்டது. இங்கே அது அருமையாக உறைந்தது. உறையாமல் என்ன, நம் வீட்டில் தலைக்கு வைக்கிற எண்ணெயே பாதி நாள் பாட்டிலில் கட்டியாகத்தானே நிற்கிறது! மதுரையில் இருக்கிற அக்காவுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். மலைப்பாதையில் டம்டம் பாறை தாண்டும்போதே இளகியிருக்கும், அக்கா திறக்கும்போது கஞ்சி.

அதனால் இந்தத் தடவை கோகோ வெண்ணெய்தான். 200 கிராம் 520 ரூபாய். விலையைப் பார்த்து இரண்டு நாள் யோசித்தேன். 2024 டிசம்பரில் ஒரு டன் கோகோ 12,000 டாலரைத் தாண்டியது, மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் விழுந்ததுதான் காரணம். நமக்குப் பக்கத்தில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக நிற்கிறது, ஆனாலும் வெண்ணெய் மலிவாகக் கிடைப்பதில்லை. இதில் 100 கிராம் போட்டேன், 260 ரூபாய். 15 துண்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 17 ரூபாய் சொச்சம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

கோகோ வெண்ணெய் 100, கோகோ தூள் 70, பொடித்த சர்க்கரை 40 கிராம். இதற்கு மட்டும் நாட்டுச் சர்க்கரை வேண்டாம், அதில் ஈரம் உண்டு. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் சாக்லேட் களியாகத் திரண்டுவிடும். மூடுபனி இறங்குகிற சாயங்காலத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். 45 டிகிரி வரை உருக்கி, கிளறிக்கொண்டே 28-க்கு இறக்கி, திரும்ப 31-க்கு ஏற்ற வேண்டும். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகமாக உறையும். அதில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டும், பளபளப்பும் 'டக்' என்று உடைகிற ஓசையும் அதில்தான். 34 டிகிரி வரை தாங்கும். கத்தி முனையில் கொஞ்சம் தடவி வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் மினுமினு என்று இறுகினால் சரி, துண்டுகளின் மேல் ஊற்றிவிடுங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் திரும்ப உருக்குங்கள். இந்த 45, 28, 31 மலையிலும் மாறாது, இதில் எதுவும் கொதிப்பதில்லை.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பீர்கள். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். ஒரு துண்டில் பாகிலிருந்து 10 கிராம், சாக்லேட்டிலிருந்து 3 கிராமுக்குள், பேரீச்சையின் இனிப்பு தனி. என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் அவருக்கு அரைத் துண்டுதான் கொடுத்தேன். டால்டா இல்லை, பால் இல்லை, கடலை நிறைய. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! நேற்றுக் காலை ஆறு மணி பஸ்ஸில் அக்காவுக்கு ஆறு துண்டு போனது. செய்தித்தாளில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் வைத்து. பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து குரல் செய்தி. கேளுங்கள், போனை மைக் பக்கத்தில் வைக்கிறேன். "ஏடி, முழுசா வந்து சேந்துருச்சுடி. இரு, உடைக்கிறேன் பாரு…" அந்த 'டக்' கேட்டதா? இன்னொரு தடவை போடுகிறேன்.