தேதி வேறு, நேரம் வேறு

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். தேதியையும் நேரத்தையும் நிரலில் எப்படிச் சேமிப்பது, ஒப்பிடுவது, காட்டுவது என்பதே பேச்சு.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. நாம் 09-02-2004 என்று எழுதுவோம். அமெரிக்காவில் ஒருவர் அதைச் செப்டம்பர் 2 என்று படிப்பார். கணினியில் இதை வெறும் எழுத்தாகப் போட்டு 15-08-1947 உடன் ஒப்பிட்டால் இன்னும் மோசம். முதல் எழுத்து 0, அது 1-க்கு முன்னால் வரும். ஆக, நாடு விடுதலை பெறும் முன்பே கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்துவிட்டதாகக் கணினி வரிசைப்படுத்தும். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற உலகத் தரம் சொல்வதுபோல ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் தேதிகளைக் கூட்டவும் கழிக்கவும் அது போதாது. அதற்குத்தான் லைப்ரரி, அதாவது முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு.

பைத்தான் என்ற நிரல் மொழியில் டேட்டைம் என்ற லைப்ரரி இருக்கிறது. ஜாவா என்ற இன்னொரு மொழியில், தேதிக்கான பழைய டேட் வகுப்பில் (கிளாஸ்) ஜனவரி மாதத்தின் எண் 0. அதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. ஸ்டீபன் கோல்போர்ன் அதற்கு மாற்றாக ஜோடா டைம் என்ற லைப்ரரியை எழுதினார். அந்த அனுபவத்தில் உருவான ஜாவா டைம், 2014-ல் ஜாவா 8-உடன் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, நாளுக்கு லோக்கல்டேட், ஒரு கணத்துக்கு இன்ஸ்டன்ட் என்று தனித்தனி வகை வைத்திருப்பது.

ஏன் தனித்தனி? பிறந்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மணி கிடையாது. ஆனால் நிரல் எழுதுபவர் ஜூன் 15 என்பதை நள்ளிரவு 12 மணி என்று வைத்து, உலகப் பொது நேரமான யூ.டி.சி.க்கு மாற்றிச் சேமிக்கிறார். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. எனவே உள்ளே பதிவாவது ஜூன் 14 மாலை 6.30. வேறொரு சர்வர் அதிலிருந்து தேதியை மட்டும் எடுத்து அச்சிட்டால் ஜூன் 14. பிள்ளையின் சான்றிதழில் ஒரு தேதி, இன்னோர் அட்டையில் வேறு தேதி. அதைத் திருத்த, பென்னாகரத்தில் கூலிக்குப் போகும் ஒரு தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலுவலகத்தில் காத்திருக்க வேண்டும். பிறந்த நாளுக்கு லோக்கல்டேட் போதும், நேர மண்டலம் அங்கே வரவே கூடாது.

இதற்கு நேர் எதிரானது ஏற்றுமதி. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையிலிருந்து நெதர்லாந்தில் ஒருவரிடம் பேச நேரம் குறிக்கிறீர்கள். குளிர்காலத்தில் வித்தியாசம் நாலரை மணி. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், வித்தியாசம் மூன்றரை ஆகிவிடும். நிரலில் நாலரை என்று நிலையாக எழுதியிருந்தால், மாங்காய் சீசன் தொடங்கும் வேளையில் தப்பாகும். ஆகவே மணிக்கணக்கை எழுதாமல், ஆம்ஸ்டர்டாம், கொல்கத்தா என்று மண்டலத்தின் பெயரைக் கொடுங்கள். அப்புறம் எந்த ஊரில் எப்போது கடிகாரம் மாறும் என்ற தன் அட்டவணையை லைப்ரரி பார்த்துக்கொள்ளும். இந்தியாவுக்கும் அதில் பழைய மாற்றங்கள் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் கடிகாரமும் ஒரு மணி முன்னால் ஓடியது.

ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால்? ஜாவா டைம் பிப்ரவரியின் கடைசி நாளைத் தரும். இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பழைய டேட்டில் மாத எண்ணை மட்டும் ஒன்று கூட்டினால் மார்ச்சுக்குத் தாவிவிடும். கடன் தவணை நாளைக் கணக்கிடும்போது எது சரி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், தவணை வசூலிப்பவரைக் கேளுங்கள்.

இன்னொன்று. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் பழைய 32 பிட் முறை (எண்ணை 32 இரும இலக்கங்களுக்குள் அடக்குவது), 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8.44-க்கு நிரம்பிவிடும். இன்று 20 ஆண்டு வீட்டுக்கடனுக்குத் தவணை அட்டவணை போடும் நிரல் அந்த நாளைத் தாண்டியே ஆக வேண்டும். உங்கள் நிரலில் 2038 பிப்ரவரி மாதத் தேதி ஒன்றை இன்றே கொடுத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.