விலை நியூயார்க்கில், பழம் ஏற்காட்டில்

நேயர்களுக்கு வணக்கம். இலக்கில் மனத்தை ஊன்றி நிற்பது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த காப்பி விலையிலிருந்து தொடங்குகிறேன்.

ஏற்காட்டில் விளையும் காப்பிக்கு ஏற்காட்டில் விலை வைப்பதில்லை. இங்கே வளரும் அரபிகா வகைக் காப்பியின் விலை நியூயார்க் சந்தையில் ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் நம் வியாபாரி வாயைத் திறப்பார். 2001-இல் ஒரு பவுண்டு அரபிகா அங்கே 50 சென்டுக்கும் கீழே போனது. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. இரண்டுக்கும் சேர்வராயன் மலையில் யாரும் பொறுப்பில்லை. 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் உறைபனி விழுந்து தோட்டம் தோட்டமாகக் கருகியது. உலகெங்கும் விலை எகிறியது. அங்கே ஒருவன் தலையில் இடி விழுந்தால்தான் இங்கே ஒருவனுக்கு நல்ல காலம் என்பது கேட்கவே சங்கடமாக இருக்கிறது. என்ன செய்வது, வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. விலை மட்டும் எப்போதும் மலைக்கு வெளியேதான். 1990களின் தொடக்கம் வரை விளைந்ததைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொடுத்துவிட வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். மொத்தம் எவ்வளவு என்பது கடைசித் தவணை வந்த பிறகுதான் தெரியும். 1996-இல் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்ற நிலை முழுமையாக வந்தது. இப்போது நிமிடத்துக்கு நிமிடம் விலை கைப்பேசியிலேயே தெரிகிறது. தெரியாத காலத்தைவிடத் தெரிகிற காலத்தில் பதற்றம் கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு. மாலையில் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிக்க நின்று பாருங்கள். செடியில் காய் இன்னும் பச்சையாக இருக்கும். விலைப் பேச்சு அதற்குள் கொதித்துக்கொண்டிருக்கும்.

இனி இலக்குக்கு வருகிறேன். மலையில் காப்பி வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். "இந்த வருடம் மூட்டைக்கு இத்தனை ரூபாய் எடுக்க வேண்டும்" என்பதை நான் இலக்கு என்று சொல்ல மாட்டேன். அது ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் காலையில் எழுந்து அதற்காகச் செய்ய ஒரு வேலையும் இருக்காது. இலக்கு என்றால் அதற்கென்று இன்றைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

காப்பிச் செடியைத் தாக்கும் தண்டுத் துளைப்பான் வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரபிகாவுக்கு இதைவிடப் பெரிய எதிரி இங்கே இல்லை. வண்டு பட்டையின் இடுக்கில் முட்டையிடும். புழு உள்ளே போய்த் தண்டைக் குடையும். வெளியே இருந்து பார்த்தால் செடி நன்றாகத்தான் இருக்கும். தண்டைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தால், தோலுக்கு அடியில் நரம்பு புடைத்ததுபோல ஒரு வரப்பு தட்டுப்படும். அதுதான் அடையாளம். இலை மஞ்சளாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். புழு உள்ளே இறங்கிவிட்ட செடிக்கு வைத்தியம் கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டும். வண்டு வெளியே பறக்கும் காலம் ஆண்டில் இரண்டு முறை: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. அதற்கு முன்னே எரித்துவிட்டால் அடுத்த தலைமுறை வண்டு பக்கத்துச் செடிக்குப் போகாது. பறக்கும் காலம் தொடங்கும்போது தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்து, உரிந்து தொங்கும் பட்டையை எடுத்துவிட்டால் முட்டையிட இடுக்கு இருக்காது. உள்ளே இருக்கும் பச்சைப் பட்டை காயப்படாமல் தேய்ப்பதுதான் கைப்பக்குவம். வெயில் விழும் செடியைத்தான் இந்த வண்டு தேடிப் போகும் என்பதால் நிழல் மரத்தைக் கண்டபடி வெட்டாமல் இருப்பதும் இதே கணக்கில் சேரும்.

இதில் எதற்கும் நியூயார்க்கைக் கேட்க வேண்டியதில்லை.

பறிப்பும் அப்படித்தான். பழுத்த பழத்தை மட்டும் பறித்து, அன்றைக்கே பல்பர் இயந்திரத்தில் விட்டு, தொலி நீக்கிக் காயவைத்தால்தான் பார்ச்மென்ட், அதாவது உள்ஓட்டோடு காய்ந்த கொட்டை, சுத்தமாக வரும். பச்சைக் காய் கலந்தால் கோப்பையில் கசப்பு தெரிந்துவிடும். சொல்வது எளிது. எடைக்குக் கூலி என்றால் பறிப்பவர் கை பச்சைக்கும் போகும். அவர்மேல் குற்றம் சொல்ல நியாயமில்லை, கூலி அப்படி வைத்தது நாம்தானே? பழம் மட்டும் வேண்டுமென்றால் நாள் கூலி கொடுக்க வேண்டும். ஒரே செடிக்கு மூன்று, நான்கு சுற்று ஆள் அனுப்ப வேண்டும். நம் கையில் இருக்கிறது என்பதாலேயே ஒரு காரியம் செலவில்லாமல் முடிந்துவிடாது. நான் கேட்ட தன்னம்பிக்கைப் பேச்சுகளில் இந்தச் செலவைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

நம் கையில் இருப்பது, இல்லாதது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது மழை. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் தோட்டமே வெள்ளையாகப் பூத்து மணக்கும். அந்தப் பூ மழையை வரவழைக்க நம்மால் ஆகாது. குட்டை வெட்டித் தண்ணீர் தேக்கி வைத்தவர் தெளிப்பான் போட்டுச் செடியைப் பூக்க வைக்கிறார். எல்லா நிலத்திலும் தண்ணீர் நிற்காது என்பதும் உண்மை. ஆகவே கையில் இருப்பது, இல்லாதது என்று ஒரே கோடாகக் கிழித்துவிட முடியாது. ஆளுக்கு ஆள், நிலத்துக்கு நிலம் அந்தக் கோடு நகரும்.

கூடிச் செய்தாலும் நகரும். மலையிலிருந்து கீழே இறங்கி மரவள்ளி வட்டாரத்தைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்து தனித்தனியாக நின்ற உற்பத்தியாளர்கள் 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். மூட்டையைச் சங்கக் கிடங்கில் வைத்து, தரம் பார்த்து, டெண்டரில் விற்கும் வழி வந்தது. சந்தை அதனால் அடங்கிப் போய்விடவில்லை. மரவள்ளி விலை விழுகிறது என்ற புலம்பல் இன்றும் கேட்கிறது. ஆனால் விற்கும் முறையாவது அவர்கள் கைக்கு வந்தது. "உன்னால் முடிந்ததை மட்டும் பார்" என்பதை வாயை மூடிக்கொண்டு இரு என்று யாராவது உங்களிடம் திரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ரோடு வேண்டும், நியாய விலை வேண்டும் என்று பத்துப் பேராகப் போய்க் கேட்பதும் நம்மால் முடிந்த காரியம்தான்.

சேலத்தில் நூலகத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். காலிப் பணியிடம் எத்தனை, கட் ஆஃப் எங்கே நிற்கும் என்பதெல்லாம் உங்கள் நியூயார்க் விலை. இன்றைக்கு எந்தப் பாடம், எந்தப் பழைய வினாத்தாள் என்பது மட்டும் நோட்டில் இருக்கட்டும். நான் தோட்டத்துக்கு வைத்திருக்கும் நோட்டும் அப்படிப்பட்டதுதான். எந்தப் பாத்தியில் தண்டு பார்த்தாயிற்று, எத்தனை செடி பிடுங்கினோம், எங்கே கவாத்து பாக்கி. விலைக்கு அதில் பத்தி கிடையாது.

அதற்காக விலையே கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. காய்ந்த பார்ச்மென்ட் கிடங்கில் இருக்கும்போது தினமும் கேளுங்கள். இப்போது விற்பதா, ஒரு மாதம் பொறுப்பதா என்று அப்போது முடிவெடுக்க வேண்டியிருக்கும். நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பொறுக்கவும் முடியும்; ஈரம் நின்ற மூட்டையை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. களத்தில் காயும்போது தார்ப்பாய் போட்டு மூடினோமா, கொட்டையைக் கிளறிவிட்டோமா என்பதெல்லாம் விற்கும் நாளில்தான் பேசும். செடி பூவில் நிற்கும்போது விலை கேட்பவருக்கு என் பதில், முதலில் போய்த் தண்டைத் தடவிப் பாருங்கள் என்பதுதான்.

வணக்கம்.