கையோடு சுழலாத உறை: ஸ்டீயரிங்குக்குத் தோல் தைப்போம்

[காட்சி: பழைய காரின் ஸ்டீயரிங். மேல்பகுதி பளபளத்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது. ஒரு விரல் அதைத் தொட்டு எடுக்கிறது. விரல் நுனியில் கறுப்பு.]

வணக்கம். இது என் காரின் ஸ்டீயரிங். 14 ஆண்டுக் கை வியர்வையும் சித்திரை வெயிலும் சேர்ந்து இதை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. தொட்டால் பிசுபிசுக்கிறது. இதன்மேல் தோலைப் பொதிந்து, கையாலேயே தைக்கப் போகிறேன்.

அப்படியே மாட்டிக்கொள்ளும் உறை கடையில் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் மாட்டியிருந்தேன். கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒன்றில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபோது, உறை என் கையோடு வந்துவிட்டது. ஸ்டீயரிங் அப்படியே நின்றது. இரண்டு விரற்கடை வழுக்கல்தான். மேலிருந்து இறங்கிய பஸ்காரர் முன்கூட்டியே நிறுத்தி வழிவிட்டிருந்ததால் பிழைத்தோம். வீடு திரும்பியதும் முதல் வேலையாக அந்த உறையைக் கழற்றி எறிந்தேன். அதனால் இந்த வீடியோவில் அழகைவிட இறுக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

[காட்சி: ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி. ஏர்பேக் மூடியின் விளிம்பை ஒரு பென்சில் சுற்றிக் காட்டுகிறது.]

ஒரே ஒரு எச்சரிக்கை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019 ஜூலை முதல் இந்தியாவில் தயாராகும் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய கார்கள் பலவற்றிலும் அது இருக்கிறது. இந்த நடு மூடிக்குள்தான் அது மடிந்து கிடக்கிறது. தோலோ நூலோ டேப்போ இந்த மூடியின் விளிம்பில் ஏறவே கூடாது. ஸ்டீயரிங்கைக் கழற்றவும் வேண்டாம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே வளையத்தை மட்டும் தைத்துவிடலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். எனக்கு முதல் தடவை ஆறு மணி நேரம் பிடித்தது.

[காட்சி: அளவு நாடா வளையத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி, பிறகு உட்புறத்தைச் சுற்றி.]

இப்போது அளவு. இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. என் ஸ்டீயரிங்கின் குறுக்களவு 37 செ.மீ.; வெளிச்சுற்று 116 செ.மீ. வளையத்தின் தடிமன் 3 செ.மீ. என்பதால் உட்சுற்று 97 செ.மீ.தான். ஒரே தோல் பட்டை வெளியே 116 செ.மீ. தூரத்தையும் உள்ளே 97 செ.மீ. தூரத்தையும் மூட வேண்டும். மீதி 19 செ.மீ. தோல் எங்கே போகும்? சரியாகச் செய்யாவிட்டால் சுருக்கமாக வந்து நிற்கும்.

பட்டு நூல் சுற்றிய வளையலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே நூல்கள் பக்கம் பக்கமாகப் படிந்திருக்கும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக் கிடக்கும். அதே நெருக்கடிதான் இங்கும். ஆனால் தோலுக்கு ஒரு குணம் உண்டு: அகலவாக்கில் இழுத்தால் நீளவாக்கில் கொஞ்சம் ஒடுங்கும். அந்தக் குணத்தை நம்பித்தான் தைக்கிறோம். அதற்காகத்தான் பட்டையை வேண்டுமென்றே சிறியதாக வெட்டுகிறோம். வளையத்தைக் கை பிடிக்கும் இடத்தில் குறுக்கே சுற்றி அளந்தால் 9.5 செ.மீ. என்றால், பட்டையின் அகலம் 9 செ.மீ. நீளத்தில் 1 செ.மீ. குறைத்து 115. போர்த்திப் பார்க்கும்போது இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அந்தப் பட்டை வேண்டாம், புதிதாக வெட்டுங்கள். தைத்து முடித்த பிறகு அது கட்டாயம் தளரும்.

[காட்சி: மூன்று தோல் துண்டுகள் மேசைமேல். ஒவ்வொன்றையும் கை மடித்து, இழுத்துக் காட்டுகிறது.]

தோலுக்குச் சென்னையில் பெரியமேடு போனால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைச் சரக்குகள் அங்கே வருகின்றன. சதுர அடிக் கணக்கில் வாங்கலாம். குரோம் முறையில் பதனிட்ட மாட்டுத் தோல், 1 முதல் 1.2 மி.மீ. கனம் என்று கேளுங்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதன் வாசனையே வேறு. ஆனால் அது விறைப்பானது, வியர்வைக் கறையும் சீக்கிரம் ஏறும். பைக்கும் பெல்ட்டுக்கும் அதை வைத்துக்கொள்வோம். ரெக்ஸின் வேண்டவே வேண்டாம்.

தோலை இரண்டு திசைகளிலும் இழுத்துப் பாருங்கள். குறைவாக நீளும் திசைதான் பட்டையின் நீளம். நான் இரண்டு பாதிகளாக வெட்டுகிறேன். மூட்டுகள், வளையத்தை நடுப்பகுதியோடு இணைக்கும் இடது, வலது ஆரக்கால்கள்மேல் விழும், கண்ணில் படாது. மூட்டுக்காக 5 மி.மீ. தனியாக விடுங்கள். அந்த ஓரத்தைக் கத்தியால் மெல்லியதாகச் சீவிவிட்டால் தைத்த இடம் மேடு தட்டாது.

துளைகள் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே, 6 மி.மீ.க்கு ஒன்று. ஒரு விளிம்புக்குச் சுமார் 190 வரும். இரண்டு விளிம்பிலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும். வளையத்தில் ஏறியதும் இந்த 6 மி.மீ. இடைவெளி ஏறத்தாழ 5 ஆகச் சுருங்கும். முன்பு கேட்டோமே, அந்த 19 செ.மீ. துளைக்குத் துளை ஒரு மில்லிமீட்டராகப் பங்குபோட்டுக்கொண்டு மறைவது இப்படித்தான்.

[காட்சி: மிக அருகில். வளையத்தின் உட்புறம், திறந்த இரண்டு விளிம்புகள், மெழுகு நூல், இரண்டு மழுங்கிய ஊசிகள்.]

பழைய வளையத்தைச் சோப்பு நீரில் துடைத்துக் காயவிட்டேன். தோலின் உட்புறத்தை ஈரத்துணியால் ஒற்றிப் பதப்படுத்தியிருக்கிறேன். ஈரத்தில் அது இணங்கிக் கொடுக்கும். 0.8 மி.மீ. மெழுகு பாலியெஸ்டர் நூல் இரண்டரை மீட்டர், இரு நுனியிலும் ஊசி. கீழ் ஆரக்காலின் அருகே தொடங்குகிறேன்.

இந்தத் தையலுக்குப் பேஸ்பால் தையல் என்று பெயர். அந்தப் பந்தில் 108 இரட்டைத் தையல்கள், அத்தனையும் இன்றைக்கும் கையால்தான் போடப்படுகின்றன. உருண்டையான பொருளை விளிம்போடு விளிம்பாக இறுக்க இதைவிட நல்ல தையலை நான் அறியேன். இடது ஊசி நடு இடைவெளிக்குள் இறங்குகிறது; வலது விளிம்பின் அடியில் புகுந்து, துளை வழியாக மேலே வருகிறது. அடுத்து வலது ஊசி அதேபோல இறங்கி, இடது விளிம்பின் அடியிலிருந்து மேலே. எப்போதும் இடதுதான் முதலில். நடுவே வரிசை மாறினால் அந்த ஒரு தையல் மட்டும் முகம் திரும்பி நிற்கும்.

இழுக்கும்போது கவனியுங்கள். நூலை நெஞ்சை நோக்கித் தூக்கி இழுத்தால் துளை கிழியும். தோலின் மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். கட்டைவிரலால் இரண்டு விளிம்புகளையும் நெருக்கிப் பிடியுங்கள், பிறகு இழுங்கள். நூலே வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டால் அது உங்கள் விரலின் மடிப்பை அறுத்துவிடும். அங்கே துணி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஐந்து தையலுக்கு ஒருமுறை பின்னோக்கிப் போய், மழுங்கிய கொக்கியால் ஒவ்வொரு கண்ணியையும் தூக்கி இறுக்குங்கள். நூலுக்கு அடியில் நகம் நுழைந்தால் இன்னும் இறுக்கம் போதாது.

[காட்சி: ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடம்.]

ஆரக்கால் வந்ததும் எதிர் விளிம்பு இல்லாமல் போகிறது. அங்கே தோலில் வாய் வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, இரு பக்கமும் ஒட்டும் மெல்லிய டேப்பில் அழுத்துகிறேன். பொத்தான்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். எதுவும் தோலில் உரசக் கூடாது. முடிவில் இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு நூலை வெட்டி, நுனியை ஊதுவத்திக் கங்கால் உருக்கி உள்ளே செருகிவிடுங்கள்.

[காட்சி: இரு கைகள் வளையத்தைப் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்குகின்றன.]

இந்தச் சோதனையைச் செய்யாமல் சாலைக்குப் போகாதீர்கள். துணி பிழிவது போல முழு பலத்தோடு முறுக்குங்கள். தோல் ஒரு நூலளவு நகர்ந்தாலும் அந்தப் பகுதியைப் பிரித்துத் திரும்பத் தையுங்கள். ஈரம் முழுதாக உலர ஒரு நாள் விடுங்கள். உலர்ந்ததும் மறுபடி முறுக்கிப் பாருங்கள், முக்கியமாக ஆரக்கால்களை ஒட்டிய இடங்களில். தளர்வு முதலில் அங்கேதான் தெரியும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவிவிடாதீர்கள், கை வழுக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.