ஒரே குண்டு, ஒரே தூரம். ஒரு தடவை துளைக்கிறது, மறு தடவை தெறிக்கிறதே?

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டைகர் டாங்க் பற்றிய என் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் கேட்டிருந்தார்: "கணினியில் டாங்க் சண்டை ஆடுகிறேன். அதே டாங்க், அதே தூரம், அதே இடத்தில் அடிக்கிறேன். ஒரு குண்டு துளைக்கிறது, அடுத்தது தெறித்துப் போகிறது. விளையாட்டைச் செய்தவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்களா?" அன்றிலிருந்து இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

ஏமாற்று இல்லை. என்னைக் கேட்டால், இந்தக் குண்டு இத்தனை மில்லிமீட்டர் எஃகைத் துளைக்கும் என்று போட்டுவிட்டு எப்போதும் அப்படியே துளைத்துக் காட்டுகிற விளையாட்டைத்தான் நம்பக் கூடாது.

முதலில் கவசம். சோவியத் டி-34 டாங்கின் முன்தகடு வெறும் 45 மி.மீ. ஆனால் செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்திருக்கிறது. வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினால் கத்தி அதிக தூரம் போகிறது அல்லவா? அப்படித்தான், நேராக வரும் குண்டு இங்கே 90 மி.மீ. எஃகைக் கடந்தாக வேண்டும். ஜெர்மன் பேந்தர் டாங்குக்கு 80 மி.மீ., 55 டிகிரி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 140 வரும். டைகரின் முன்பக்கம் 100 மி.மீ., சாய்வு மிகக் குறைவு. தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் குண்டின் விட்டம் தகட்டின் தடிப்பைவிடப் பெரிதாகப் பெரிதாக, சாய்வின் பலன் குறையும். டைகரின் 88 மி.மீ. குண்டு அந்த 45 மி.மீ. தகட்டில் விழும்போது 90 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எளிமையான விளையாட்டுகள் இதை விட்டுவிடும்.

அடுத்து பீரங்கி. டைகரின் சாதாரண கவசத் துளைப்புக் குண்டுக்கு ஜெர்மன் அட்டவணை, 30 டிகிரி சாய்ந்த தகட்டில், 500 மீட்டருக்கு 110 மி.மீ., 1000 மீட்டருக்கு 100, 2000 மீட்டருக்கு 84 என்கிறது. இந்த 100 எங்கிருந்து வந்தது? சோதனைத் திடலில் பல குண்டுகளைச் சுட்டு, இத்தனை பங்கு துளைத்தால் போதும் என்று ஓர் அளவுகோல் வைத்து எழுதியது. அந்த அளவுகோல் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மன் எண்ணையும் சோவியத் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன். குண்டின் துளைப்புத் திறனும் கவசத்தின் தடிப்பும் நெருங்கி வந்தால் எஃகின் தரம், டாங்க் லேசாகத் திரும்பி நின்ற கோணம், எல்லாம் சேர்ந்து முடிவை மாற்றும். அதனால்தான் வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்ற கணினி விளையாட்டு துளைப்புத் திறனை 25 சதவீதம் வரை கூட்டியும் குறைத்தும் போடுகிறது. அந்த அளவு எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது; ஆனாலும் எண்ணம் சரி.

1970-ல் வந்த பான்சர்பிளிட்ஸ் பலகை விளையாட்டில் இவ்வளவும் தாக்குதலுக்கு ஓர் எண், தற்காப்புக்கு ஓர் எண் என்று சுருங்கிவிடும். விகிதத்தைப் பார்த்துப் பகடையை உருட்ட வேண்டியதுதான். 1975-ல் வந்த டோப்ரூக் ஒவ்வொரு டாங்கும் சுடுவதைத் தனித்தனியாகக் கணக்கிட்டது. பொறுமை வேண்டும்.

சரி, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு: யார் யாரை முதலில் பார்த்தார்கள்? தொடக்கக் கால டி-34-ன் சுழலும் கோபுரத்தில் இரண்டே பேர். தளபதியே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். கண் குறிநோக்கியில் இருக்கும்போது பக்கவாட்டில் வருகிறவனை யார் பார்ப்பது? டைகரில் கோபுரத்துக்குள் மூன்று பேர். தளபதிக்குப் பார்ப்பதும் கட்டளை கொடுப்பதும்தான் வேலை. தகட்டுக் கணக்கில் இது வராது.

1965 செப்டம்பரில், இந்திய-பாகிஸ்தான் போரின்போது, பஞ்சாபின் அசல் உத்தரில் நடந்த டாங்க் சண்டையைப் பாருங்கள். பாகிஸ்தானின் பேட்டன் டாங்குகளுக்கு எதிரே இந்தியாவின் செஞ்சூரியன் டாங்குகளோடு பழைய ஷெர்மன் டாங்குகளும் நின்றன. அட்டவணைப்படி ஷெர்மன் பேட்டனுக்கு முன்னால் நிற்கவே கூடாது. ஆனால் நம்மவர்கள் குதிரை லாட வடிவில் கரும்புக்குள் மறைந்திருந்தார்கள். தண்ணீர் பாய்ச்சிய வயலில் பேட்டன்கள் சிக்கின. இந்திய வீரர் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு பயிருக்குள்ளிருந்து டாங்குகளை அடித்தார். அந்த ஜீப்புக்குக் கவசமே கிடையாது.

விளையாடுகிற நமக்கோ பெரும்பாலும் மேலிருந்து முழுக் களமும் தெரிகிறது. நீங்கள் ஆடும் விளையாட்டில் டி-34 தளபதிக்குப் பக்கவாட்டு எதிரி தாமதமாகத் தெரிகிறானா? ஆடிப் பார்த்து எழுதுங்கள், அடுத்த பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.