லைட் எரியுது, சத்தம் வரல: ரிலேவை ஷார்ட் பண்ணலாமா?

வணக்கம். இந்த வாரக் கேள்வி கொடைக்கானல் மலையில இருக்கிற பண்ணைக்காட்டுல இருந்து ஒரு சகோதரி அனுப்பினது. அவங்க அப்பா 1970கள்ல வாங்கின ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒண்ணா இருக்கிற பெட்டி), பத்து வருஷமா பரண்ல கிடந்திருக்கு. இப்ப எடுத்து ஆன் பண்ணினா டயல் லைட் எரியுது, கோடை எஃப்எம் 100.5ல முள்ளை வச்சா சிக்னல் மீட்டரும் ஏறுது. சத்தம் மட்டும் சுத்தமா இல்ல. பக்கத்துல ஒருத்தர் பார்த்துட்டு, "உள்ள ரிலே எடுக்கலம்மா, அதை ஒரு வயர் போட்டு ஷார்ட் பண்ணிட்டா பாட்டு வந்துரும்"னு சொல்லியிருக்கார். செய்யலாமான்னு கேக்குறாங்க.

வேண்டாம்மா. செஞ்சிராதீங்க. இந்தக் கேள்வியைப் படிச்சதுல இருந்து மனசு உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் இதை முதல்ல எடுத்தேன்.

அந்த ரிலே எதுக்கு இருக்குன்னு பாருங்க. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு கதவு மாதிரி அது. செட்டை ஆன் பண்ணின உடனே திறக்காது. மூணுல இருந்து எட்டு செகண்ட் வரைக்கும் உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு, 'டிக்'னு ஒரு சத்தத்தோட ஸ்பீக்கரைச் சேர்த்து விடும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒண்ணு ஷார்ட் ஆகியிருந்தா அந்த லைன்ல 40 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட், நிக்கும். எட்டு ஓம் ஸ்பீக்கரோட காயிலை மீட்டர்ல அளந்தா ஆறு ஓம் பக்கம்தான் இருக்கும். கணக்குப் போடுங்க, 260 வாட்டுக்கு மேல சூடு, அந்த மெல்லிசு காயில்ல. சில செகண்ட்ல கருகிரும். அப்பா வாங்கின ஸ்பீக்கருக்கு இன்னைக்கு அதே காயில் எங்க கிடைக்கும்? ரிலே எடுக்கலன்னா அது உங்க ஸ்பீக்கரைப் பிடிச்சு வச்சுக் காப்பாத்துதுன்னு எடுத்துக்கோங்க. இதை நம்ம பழைய வீடியோக்கள்லயும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கேன், இன்னும் சொல்வேன்.

சரி, இப்ப செய்ய வேண்டியது. ராத்திரி, வீடு அமைதியா இருக்கும்போது, ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. காதைப் பக்கத்துல வச்சு 'டிக்' கேக்குதான்னு கவனிங்க. பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

'டிக்' கேட்டா உடனே மூடியைத் திறக்காதீங்க. ஆஃப் பண்ணி ஸ்பீக்கரை மாட்டிட்டு முன்பக்கத்தைப் பாருங்க. 'டேப் மானிட்டர்'னு ஒரு பட்டனோ லீவரோ இருக்கும். அது உள்ள போயிருந்தா ரிசீவர் டேப் டெக்ல இருந்து வர்ற சத்தத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கும். டெக்கே இல்லைன்னா சத்தம் எங்க இருந்து வரும்? துடைக்கும்போது துணி பட்டு அமுங்கின கேஸ் எத்தனையோ இருக்கு. அப்புறம் ஸ்பீக்கர் செலக்டர் 'ஆஃப்'ல இல்லாம 'ஏ'வுல இருக்கணும். சில மாடல்ல பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்'னு ரெண்டு ஜோடி சாக்கெட்டைச் சின்ன உலோக வளைவு இணைச்சிருக்கும். பரண்ல ஏத்தி இறக்கும்போது அது கழண்டு விழுந்திருந்தா, முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தொடர்பே கிடையாது.

இதெல்லாம் சரின்னா, அடுத்த சந்தேகம் நம்ம மலையோட ஈரம். பனியும் மேகமும் வீட்டுக்குள்ளயே வந்து போற ஊர்ல, பத்து வருஷம் அசையாத சுவிட்சோட வெள்ளிக் காண்டாக்ட் கறுத்துப் போயிருக்கும். பிளக்கை உருவிட்டு ஒவ்வொரு சுவிட்சையும் முப்பது தடவை போட்டு எடுங்க, வால்யூம், பாலன்ஸ் எல்லாத்தையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்க. அதுக்கப்புறம் கரகரன்னு விட்டு விட்டுச் சத்தம் வந்தா நோய் பிடிபட்டுது. எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கிற காண்டாக்ட் கிளீனரைக் கன்ட்ரோலோட சின்ன ஓட்டை வழியா ரெண்டு சொட்டு விட்டாப் போதும். சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வேண்டாம், அந்த எண்ணெய் தங்கித் தூசியைப் பிடிச்சு வைக்கும். ஸ்டேஷன் மாத்தும்போது திரும்பற டியூனிங் கண்டென்சர் தகடுகள் மேல எதையும் அடிக்காதீங்க. டயல் கண்ணாடியோட உள்பக்கத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா, எண்களும் கூடவே துணியோட வந்துரும்.

வால்யூமை ஏத்தினா திடீர்னு சத்தம் வருது, குறைச்சா ஒரு பக்கம் செத்துப் போகுது, இப்படி இருந்தா ரிலேவோட காண்டாக்ட்தான். தடிச்ச காகிதத் துண்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு காண்டாக்ட் நடுவுல வச்சு மெதுவா இழுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு போயிரும். புது ரிலே போடறதா இருந்தா பழைய ரிலேவோட மூடியில எழுதியிருக்கிற காயில் வோல்ட்டேஜைப் பாருங்க. பெரும்பாலும் 24 வோல்ட், ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு செட் காண்டாக்ட்.

'டிக்' கேக்கலைன்னா உள்ள போய்ப் பார்க்கணும். இதுக்கும், மேல சொன்ன கிளீனர், ரிலே வேலைக்கும் கை பழகினவங்களைப் பக்கத்துல வச்சுக்கோங்க. பிளக்கை உருவின பிறகும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள்ல சார்ஜ் நிக்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொண்ணுக்கும் குறுக்க பத்து செகண்ட் வச்சு இறக்குங்க, மீட்டர்ல பூஜ்யம் பார்த்துட்டு கையை வைங்க. ஸ்க்ரூடிரைவரால தீப்பொறி பறக்க ஷார்ட் பண்ற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இங்க நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி அளந்துட்டு "பூஜ்யம் காட்டுது, ஆம்ப் நல்லாருக்கு"ன்னு முடிவு பண்ணிருவாங்க. கதவு மூடியிருக்கும்போது வெளிய நின்னு அளந்தா பூஜ்யம்தானே வரும்? ரிலேவுக்கு உள்பக்கப் பின்ல, ஆம்ப்ளிஃபயர் வர்ற பக்கம், செட் ஆன்ல இருக்கும்போது சேசிஸ் கிரவுண்டுக்கு (செட்டோட உலோகச் சட்டத்துக்கு) அளக்கணும். 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா ஆம்ப் நல்லா இருக்கு, ரிலேவை இயக்குற ப்ரொடெக்‌ஷன் சர்க்யூட்ல இருக்கிற சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காஞ்சிருக்கும், இல்ல ரிலே காயில் போயிருக்கும். சுலபமான, செலவு குறைஞ்ச வேலை. ஒரு பக்கம் மட்டும் 30, 40 வோல்ட் காட்டினா அந்தப் பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டரைச் சந்தேகப்படுங்க. ஜோடியா மாத்தணும், அதை இயக்குற டிரைவர் டிரான்சிஸ்டரையும், எமிட்டர் ரெசிஸ்டரையும் சோதிக்காம மாத்தினா புதுசும் அன்னைக்கே போயிரும். போர்டுல காஞ்சு பழுப்பான பசை இருந்தா சுரண்டி எடுங்க, அந்தக் காலத்துப் பசை வயசானா பாகங்களோட கால்களை அரிச்சிரும்.

சகோதரி கேக்காத, ஆனா கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. பத்து வருஷம் தூங்கின செட்டை எப்படி எழுப்பறது? நேரா 230 வோல்ட்ல போட்டுட்டாங்க. நல்லவேளை, ஒண்ணும் ஆகல. முதல்ல பின்பக்கம் என்ன வோல்ட்டேஜ்னு படிங்க. 100 அல்லது 120ன்னு இருந்தா, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம இங்க போடவே கூடாது. அடுத்து எலி கூடு கட்டியிருக்கான்னு பார்த்துட்டு, செட்டை மூணு நாள் காய்ஞ்ச அறையில வைங்க. குளிர்ல இருந்து சூடான அறைக்குக் கொண்டு வந்த உடனே உள்ள நீர் கோத்திருக்கும்.

அதுக்கப்புறம் நம்ம சீரிஸ் போர்டு, அதாவது செட்டுக்குப் போற கரண்ட் ஒரு பல்பு வழியா போற மாதிரி கட்டின போர்டு. நூறு வாட் குண்டு பல்பு, எல்இடி ஆகாது. பளிச்னு எரிஞ்சு மங்கினா நல்ல சகுனம். பளிச்னே நின்னா உள்ள ஷார்ட், உடனே உருவுங்க. மங்கின பிறகு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்க, கண்டென்சர்கள் மெதுவாப் பழகும். பல்பு மாட்டியிருக்கும்போது வோல்ட்டேஜ் குறைவுங்கிறதால ரிலே எடுக்காமலும் போகலாம், அதை வச்சுப் பழுதுன்னு முடிவு பண்ணாதீங்க.

சத்தம் வந்த பிறகு அதைத் திரும்பப் பரண்ல ஏத்தாதீங்க. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளயே பூட்டி வைக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடட்டும், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு பிளக்கையும் ஆன்டெனா வயரையும் சேர்த்து உருவிருங்க.

சகோதரி, எனக்கு மூணு விவரம் எழுதுங்க: 'டிக்' வருதா, பின்பக்கம் என்ன வோல்ட்டேஜ்னு இருக்கு, 'டிக்' வரலைன்னா ரிலேவோட உள்பக்கப் பின்கள்ல டிசி இடது எவ்வளவு, வலது எவ்வளவு. அடுத்த வாரம் அதை வச்சே மேல பார்ப்போம்.